இடது பை

மார்ச் 4

பாப்பாவுக்கு,

உனக்கு என்னை ஞாபகம் இருக்கும் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். இல்லையென்றால் கடிதத்தின் அடியில் பார். நாலு வயதில் நீ எனக்கு வைத்த பெயரைத்தான் கையெழுத்தாகப் போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டு மாடிப்படிக்குப் பக்கத்து அறையில் இருபத்தெட்டு வருஷம் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தவள். உன் அப்பாவுக்கு, நம் ஐயாவுக்கு, முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோட்டு வரைக்கும் வெட்டியவள். நீ இடதுகைக்காரி என்பதால் உன் கோட்டுக்கு மட்டும் பட்டனைப் பக்கம் மாற்றி வைத்தவள்.

உன் விலாசத்தைப் பத்திரிகை ஆபீசில் வாங்கினேன். "அப்படியெல்லாம் குடுக்க மாட்டோம் பாட்டி" என்றான் ஒரு மீசைக்காரன். "அப்ப நான் இங்கயே இருக்கேன். எனக்கு வீட்டுல ஒண்ணும் உலை கொதிக்கல" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கூடையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக் காலரைப் பிரிக்க ஆரம்பித்தேன். பாதிக் காலர் பிரிவதற்குள் விலாசம் வந்துவிட்டது.

சங்கதிக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் "உலகத் தலைவர்கள்: வெளியே தெரியாத செய்திகள்" என்று இரண்டு பக்கம் போட்டிருந்தார்கள். பேத்தி தையல் கடைக்கு வாங்கி வந்தாள். கடையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். வெட்டுவது மட்டும் இன்னும் நான். ஒரு நாட்டு அதிபர் பூனையைக் கண்டால் மேஜைமேல் ஏறிவிடுவாராம். இன்னொருவர் மந்திரி ஆன பிறகும் அம்மா ஊட்டினால்தான் சாப்பிடுவாராம். யார் கிட்டே போய்ப் பார்த்தார்களோ தெரியாது. சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினால் நம் ஐயா படம். கீழே உன் பெயர்.

ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன் என்றாலும் எழுத்துக்கூட்டாமல் படிப்பேன். நீ எழுதியதை மூன்று தரம் படித்தேன். "எப்போதும் பையிலேயே இருந்த என் தந்தையின் இடது கையை உலகம் கம்பீரம் என்றது. அது கம்பீரம் இல்லை, கல்நெஞ்சம். என் தாயைப் புதைத்த நாளில், குழிக்கு முன்னால் நான் நீட்டிய கையைப் பிடிக்கக்கூட அவர் அந்த இடது கையைக் கோட்டுப் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை." இப்படி எழுதியிருக்கிறாய். இது புத்தகமாகவும் வரப்போகிறது என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

பாப்பா, இது தப்பு. அந்தக் கையைப் பற்றி உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. வெளியே சொல்ல மாட்டேன் என்று ஐயாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் எழுத முடியாது. என் வார்த்தையை நம்பி அந்த ஒரு பக்கத்தை மட்டும் புத்தகத்திலிருந்து எடுத்துவிடு. மற்றதெல்லாம் நீ எழுதியது எழுதியபடி இருக்கட்டும். அவர் சதுரங்கத்தில் தோற்றால் காயை ஒளித்து வைப்பார் என்று எழுதியிருக்கிறாயே, அது நூற்றுக்கு நூறு உண்மை. ஒரு குதிரையை என் நூல் டப்பாவில்தான் ஒளித்து வைத்திருந்தார்.

ஊசியம்மா

*

மார்ச் 19

தையலம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நினைவிருக்கிறது. எனக்கு ஐம்பது வயதாகிறது. பாப்பா என்று எழுத வேண்டாம்.

ஒரு பக்கத்தை எடுக்கச் சொல்கிறீர்கள். காரணம் கேட்டால் வாக்கு என்கிறீர்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் அவருக்கு வாக்குக் கொடுத்தவர்கள்தான். சமையல் செய்தவர், கார் ஓட்டியவர், என் அம்மா உட்பட. அவரைப் பற்றி யாரும் எதுவும் பேசக் கூடாது என்பதுதான் அந்த வீட்டின் ஒரே சட்டம்.

என்ன நடந்தது என்று நான் ஊகித்து எழுதவில்லை. அங்கே நின்றிருந்தேன். பத்தொன்பது வயது. மழை. அவருடைய வலது பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு என்று சொல்லி என்னை இடது பக்கம் நிறுத்தினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் வலது கையைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அம்மாவைக் குழியில் இறக்கியபோது என் கால் தடுமாறியது. கையை நீட்டினேன். பார்த்தார். பார்க்கவில்லை என்றால்கூட மன்னித்திருப்பேன். பார்த்துவிட்டு, முன்னால் திரும்பிக்கொண்டார். என் கை அப்படியே நின்றது. யாரோ ஒரு வெளிநாட்டு மந்திரியின் மனைவி பரிதாபப்பட்டு வந்து அதைப் பிடித்துக்கொண்டார். அந்தப் படமும் பத்திரிகைகளில் வந்தது.

பத்து நாளில் அந்த நாட்டை விட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவர் பன்னிரண்டு வருடம் உயிரோடு இருந்தார். நான் ஒருமுறைகூடப் போகவில்லை. அவர் அடக்கத்துக்கும் வரவில்லை.

புத்தகம் மே இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது. சொல்வதற்கு ஏதாவது இருந்தால் அதற்குள் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கம் இருக்கும்.

*

ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய பேராசிரியை அம்மையார் அவர்களுக்கு,

பாப்பா என்று எழுதக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டதால் இப்படி எழுதுகிறேன். நீங்கள் கடிதத்தை மிஷினில் அடித்து அனுப்பியிருக்கிறீர்கள். அடியில் கையெழுத்துக்கூட இல்லை. வருமான வரிக்காரர்கள்கூடக் கீழே ஒரு கிறுக்குக் கிறுக்குவார்கள். இருக்கட்டும், படித்தவர்களுக்கு நேரம் இருக்காது.

சொல்லத்தான் போகிறேன். ஐயா போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. இனிமேல் யாரும் அவரைப் பதவியிலிருந்து இறக்க முடியாது.

உங்களுக்கு எட்டு வயது இருக்கும். குளிர்காலக் கோட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். இஞ்சு டேப்பை இடது மணிக்கட்டில் பிடித்தால் டேப் நிற்கவில்லை, ஆடியது. இரண்டாம் தரம் பிடித்தேன், மறுபடியும் ஆடியது. "எனக்குத்தான் வயசாயிடுச்சு போலிருக்கு, கை ஆடுது" என்றேன். அப்போது எனக்கு முப்பத்தாறு. ஐயா கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க கை இல்ல தையலம்மா. என் கை" என்றார்.

நாலு மாதமாக இருந்ததாம். வெளியூர் டாக்டர் ஒருவர் பார்த்து, இது போகாது, கூடத்தான் செய்யும் என்று சொல்லியிருக்கிறார். உங்கள் அம்மாவுக்குத் தெரியும், அந்த டாக்டருக்குத் தெரியும், அன்றைக்கு எனக்கும் தெரிந்தது. "வெளிய தெரிஞ்சா பயத்துல நடுங்குறான்னு சொல்லுவாங்க. எதிர்ல இருக்கிறவன் பட்டாளத்தோட நிக்கிறான். நடுங்குற கையை நம்பி யாராவது நாட்டைக் குடுப்பாங்களா?" என்றார். அப்புறம் குழந்தை மாதிரி, "இதுக்கு ஏதாவது தைக்க முடியுமா?" என்று கேட்டார்.

தைத்தேன். பையை ஒரு சாண் ஆழமாக்கினேன். உள்ளே மொடமொடப்பான கேன்வாஸ் கொடுத்தேன், அசைந்தால் வெளியே தெரியாது. பைக்குள் அடியில் நாலு விரல் நுழைகிற மாதிரி ஒரு நூல்துணிப் பட்டை. விரலை உள்ளே விட்டு அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் நடுக்கம் பைக்குள்ளேயே அடங்கிவிடும். பெரிய போரை நிறுத்தி அவர் கையெழுத்துப் போட்ட அன்று, எதிரிக்கு முன்னால் பைக்குள் கையை விட்டுக்கொண்டு அலட்சியமாக நின்றார் என்று உலகமே எழுதியது இல்லையா? ஊருக்குத் திரும்பியதும் அந்தக் கோட்டு என்னிடம்தான் வந்தது. பட்டை நூல் நூலாகப் பிய்ந்திருந்தது. அலட்சியமாக நின்ற ஆள் அப்படிப் பிடித்திருக்கிறார்.

இப்போது ரயில் நிலையத்துக்கு முன்னால் சிலை வைத்திருக்கிறார்கள். அதிலும் இடது கை பையில். போட்டோவுக்கு நிற்கிற ஒவ்வொரு கவுன்சிலரும் ஐயா மாதிரியே பையில் கையை விட்டுக்கொள்கிறான். எனக்குச் சிரிப்பும் வரும், வயிற்றெரிச்சலும் வரும்.

கல்நெஞ்சம் இல்லை பாப்பா. நோய். எழுதிவிட்டேன். இனி நீ பக்கத்தை எடுப்பாயோ மாட்டாயோ.

ஊசியம்மா

*

ஏப்ரல் 17

தையலம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வகுப்புக்குப் போகிற வழியில் பேருந்தில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

நம்புகிறேன். நம்பாமல் இருக்க முடியவில்லை. எனக்குக் கதை வாசிக்கும்போது எப்போதும் வலது பக்கம்தான் உட்கார வைப்பார். நான் இடது பக்கம் போனால் நாற்காலியைத் திருப்பிப் போடுவார். எங்களோடு சாப்பிட உட்கார்ந்தால் அம்மா எல்லாவற்றையும் முன்கூட்டியே வெட்டி வைத்திருப்பாள். அவருக்குப் பணிவிடை செய்வதே அவள் வேலை என்று அதையும் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன்.

ஆனால் இதனால் என்ன ஆகிவிட்டது? நடுங்கியது, சரி. நடுங்கட்டுமே. நான் கேட்டது ஆடாத கையை இல்லை. அந்த ஒரு நிமிடம் உலகம் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகிறது என்று வெளியே எடுத்திருக்கலாம். நான் பிடித்துக்கொண்டிருப்பேன். நான் பிடித்திருந்தால் ஆடுவது அவர் கையா, என் கையா என்று யாருக்குத் தெரிந்திருக்கும்? மகளைவிட மானம் பெரிதாக இருந்தது. கல்நெஞ்சம் என்ற சொல்லை அடித்துவிட்டு அகம்பாவம் என்று போடலாம். பக்கத்தை எடுக்க முடியாது.

ஒன்று கேட்க வேண்டும். நான் இங்கே வந்த பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு கடிதம் எழுதுவார். மொத்தம் பன்னிரண்டு. நான் எதற்கும் பதில் போட்டதில்லை. வானிலை, தோட்டம், என் பழைய பூனை, இவைதான் இருக்கும். ஆனால் எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி ஒன்றேதான்: "ஊசியம்மா சொன்னதை யோசித்துப் பார்."

நான் கிளம்பிய காலையில் நீங்கள் வாசலில் நின்று, "கழுத்து பட்டனைப் போட்டுக்க, சளி புடிச்சுக்கும்" என்று சொன்னீர்கள். எனக்கு நினைவிருப்பது அவ்வளவுதான். பன்னிரண்டு வருடம் என் தந்தை எனக்குச் சொல்ல நினைத்தது சளி பிடிக்காமல் பார்த்துக்கொள் என்பதுதான் என்று நினைத்து அந்தக் கடிதங்களை மடித்து வைத்தேன்.

நீங்கள் எனக்கு என்ன சொன்னீர்கள்?

*

ஏப்ரல் 30

பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்தது. எனக்குக் கண்ணில் புரை, வலது கண்ணுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் நீளமாக எழுத முடியவில்லை.

ஐயாவின் கறுப்பு ஓவர்கோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அம்மா அடக்கத்துக்குப் போட்டுக்கொண்டு போனது. அருங்காட்சியகத்துக்காரர்கள் வந்து கேட்டார்கள், இல்லை என்று சொல்லிவிட்டேன். பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன், ஒரு பூச்சி அரிக்கவில்லை. அதைப் பார்சலில் அனுப்பட்டுமா என்று யோசிக்கிறேன். கம்பளி நல்ல கம்பளி, இப்போது அந்த நெசவு கிடைப்பதில்லை. தோளுக்கு மட்டும் பதினோரு மணி நேரம் கைத்தையல் போட்டேன்.

நான் என்ன சொன்னேன் என்று கேட்டிருக்கிறாய். முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தின பேச்சு. எழுபத்தெட்டு வயதில் எனக்கு எங்கே ஞாபகம் இருக்கிறது? ஏதாவது புத்திமதி சொல்லியிருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஊசியம்மா

*

மே 9

தையலம்மா,

பதினோரு மணி நேரம் என்பது நினைவிருக்கிறது. இது நினைவில்லையா?

நீங்கள் என்ன சொன்னீர்கள்?

*

மே 21

பாப்பாவுக்கு,

நேற்றோடு உன் புத்தகம் அச்சுக்குப் போயிருக்கும். அது தெரிந்துதான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேனோ என்னவோ. உன் கடைசிக் கடிதம் வந்ததிலிருந்து நாலு நாளாக மிஷினில் உட்கார முடியவில்லை. பேத்தி கேட்டாள், "என்ன பாட்டி, ஊசில நூல் கோக்காமலே குத்திக்கிட்டிருக்கீங்க?"

நான் உன்னிடம் எதுவும் சொல்லவில்லை, பாப்பா. அதுதான் பதில். நீ ஞாபகம் வைத்திருக்கிற அந்தக் கழுத்துப் பட்டன்தான் நான் சொன்ன எல்லாமே.

முதலிலிருந்து சொல்கிறேன். அம்மா இறந்ததும் ஐயாவின் கை அடங்கவே இல்லை. அடக்கத்துக்கு முதல் நாள் மத்தியானம் என் அறைக்கு வந்தார். கை பைக்குள் இருந்தும் கோட்டே ஆடியது. "பட்டை போதல. நாளைக்கு உலகமே வந்து நிக்குது. இன்னும் கொஞ்சம் இறுக்கிக் குடுங்க" என்றார். பழைய பட்டையைப் பிரித்துவிட்டு அரை இஞ்சு குறைத்துப் புதிது போட்டேன்.

இப்போது எழுதப்போவதை நான் என் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. புது நூல்துணியை வெட்டுவதற்கு முன்னால் தண்ணீரில் நனைத்து உலர்த்த வேண்டும். இல்லையென்றால் முதல் தண்ணீர் பட்டதும் சுருங்கிப்போகும். தையல் கற்றுக்கொள்கிற எவளுக்கும் முதல் நாளே இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். பதினாலு வயதிலிருந்து ஒரு தரமும் நான் இதை விட்டதில்லை. அன்றைக்கு விட்டேன். அம்மாவுக்குப் போட வேண்டிய உடுப்பும் நான்தான் தைக்க வேண்டியிருந்தது. உனக்கும் கறுப்பில் ஒரு கோட்டு. நேரம் இல்லை, உள்ளே இருக்கிற பட்டைதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே வெட்டித் தைத்துவிட்டேன்.

மறுநாள் மூன்று மணி நேரம் மழை. ஐயா குடை வேண்டாம் என்றுவிட்டார். பை முழுக்கத் தண்ணீர். பட்டை சுருங்கி நாலு விரலையும் கவ்விப் பிடித்துக்கொண்டது. நீ கையை நீட்டினாய். அவர் எடுக்காமல் இல்லை, பாப்பா. எடுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராக என் அறைக்கு வந்து, "வெட்டுங்க" என்றார், அவ்வளவுதான். கத்தரியை விட்டுப் பையை அடியோடு வெட்டித்தான் கையை வெளியே எடுத்தேன். விரல் நாலும் நீலம் பாரித்துப்போய் இருந்தது. தேய்த்துவிட்டுக்கொண்டே அழுதேன். அவர் என்னைத் திட்டவில்லை. "பாப்பா கையை நீட்டினா" என்றார். "இழுத்தேன், வரல. இன்னும் வேகமா இழுத்தா கோட்டு கிழிஞ்சு எல்லாரும் பாப்பாங்க. அவ மூஞ்சியைப் பாக்க முடியாம திரும்பிக்கிட்டேன்."

இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தார். நீ அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாய். "நான் போய்ச் சொன்னா சாக்குச் சொல்றேன்னு நினைப்பா. நீங்க சொல்லுங்க தையலம்மா. கையைப் பத்தியும் சொல்லுங்க, பட்டையைப் பத்தியும் சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவா" என்றார். வாக்கு, வாக்கு என்று முதல் கடிதத்தில் எழுதினேனே, அது பொய். உன்னிடம் சொல்லச் சொல்லி அவரே என்னை விடுவித்துவிட்டார்.

வெட்டிய கோட்டை எடுத்துக்கொண்டு உன் அறை வரைக்கும் வந்தேன். ஐந்து நாளில் மூன்று தரம் வந்தேன். கதவுக்கு வெளியே நின்று பட்டை சுருங்கிவிட்டது என்று எப்படி ஆரம்பிப்பது என்று பார்ப்பேன். வாய் வராது. ஊரில் என் தையலில் ஒரு குறை சொல்லட்டும் பார்க்கலாம் என்று நடந்தவள். கற்றுக்குட்டி செய்கிற தப்பைச் செய்துவிட்டேன் என்று பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் போய்ச் சொல்ல என் நாக்கு வளையவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நீ பெட்டி கட்டிவிட்டாய். வாசலில் உன் கழுத்துப் பட்டனைப் பார்த்தேன். அதைச் சொன்னேன்.

கார் போன பிறகு ஐயா வந்து, "சொன்னீங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அப்பவும் போயிட்டாளா?" என்றார். அப்புறம் மாடிக்குப் போய்விட்டார்.

பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டில் அவருக்குக் கோட்டுத் தைத்துக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். எல்லாம் தெரிந்தும் மகள் மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே அவர் செத்துப்போனார். கடிதத்தில் அப்படி ஒரு வரி எழுதினார் என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். முன்னாலேயே தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியவில்லை.

கோட்டை அனுப்புகிறேன். பையை நான் தைக்கவில்லை. எத்தனையோ தரம் ஊசியை எடுத்தேன், தைக்க மனசு வரவில்லை.

ஊசியம்மா என்று கையெழுத்துப் போட எனக்கு இனி உரிமை இருக்கிறதா தெரியாது. நீதான் சொல்ல வேண்டும்.

*

ஜூலை 2

பாப்பாவுக்கு,

பார்சல் சேர்ந்தது என்று தபால் ஆபீசில் சொன்னார்கள். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வராது என்று தெரியும். இருந்தாலும் தபால்காரர் இந்தப் பக்கம் திரும்பினால் மிஷினை நிறுத்திவிடுகிறேன்.

கண் ஆபரேஷன் நடந்துவிட்டது. இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய.

*

செப்டம்பர் 9

ஊசியம்மாவுக்கு,

இதைப் பேனாவால் எழுதுகிறேன். எழுத்து எப்படி இருக்கிறது பாருங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப் பொழுது போகிறது. மிஷினில் அடிக்கிறேன் என்று கோபித்துக்கொண்டீர்கள். நான் இடதுகைக்காரி என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கை நான்கு வருடமாக ஆடுகிறது.

ஏப்ரலில் உங்கள் கடிதத்தைப் பேருந்தில் படித்தபோது, டேப் ஆடியது என்ற வரிக்கு வந்ததும், தாளைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். அதனால்தான் இறங்கவில்லை. அதை உங்களுக்கு எழுதவில்லை. அகம்பாவம் என்று அவரைத்தான் எழுதினேன். இங்கே கல்லூரியில் யாருக்கும் தெரியாது. பையில் கையை விட்டுக்கொண்டு பாடம் நடத்துகிறேன். போன வருடம் ஒரு மாணவி சொன்னாள்: "மேடம், அப்படியே உங்க அப்பா மாதிரி நிக்கிறீங்க." அவளுக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன். அது வெளியே தெரியாத இன்னொரு செய்தி.

கோட்டு வந்த அன்று போட்டுப் பார்த்தேன். தோள் பெரிதாக இருக்கிறது. இடது பையில் கையை விட்டேன். அடியில் துணி இல்லை. கை நேராக வெளியே வந்துவிட்டது.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். வரவில்லை. நீங்கள் அந்தக் கதவைத் தட்டியிருந்தால் எனக்குப் பன்னிரண்டு வருடம் அப்பா இருந்திருப்பார். அதை என்னால் கடந்து போக முடியவில்லை. ஆனால் கதவுக்கு வெளியே யாரோ நிற்கிறார்கள் என்று எனக்கும் தெரியும் ஊசியம்மா. மூன்று தரமும் கேட்டது, உங்கள் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? அப்பாதான் உங்களை அனுப்பியிருக்கிறார், எனக்குப் புத்தி சொல்லத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக் கதவைத் திறக்காமல் இருந்தேன். நானும் திறந்திருக்கலாம். இந்தக் கோடை முழுவதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பன்னிரண்டு கடிதங்களையும் எடுத்துக் கடைசி வரியை மட்டும் வரிசையாகப் படித்தேன். அவர் கெஞ்சியிருக்கிறார். நான் சளி மருந்து என்று நினைத்திருக்கிறேன்.

புத்தகம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது. உங்கள் மே மாதக் கடிதம் கிடைத்த அன்றே பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். அச்சாகி முடிந்துவிட்டது என்றார்கள். ஏப்ரல் முப்பதாம் தேதியே நீங்கள் சொல்லியிருந்தால் எடுத்திருக்கலாம். குத்திக்காட்ட எழுதவில்லை. அல்லது குத்திக்காட்டத்தானோ என்னவோ.

டிசம்பரில் அங்கே புத்தக வெளியீடு வைத்திருக்கிறார்கள், ரயில் நிலையத்துக்கு முன்னால், சிலைக்குப் பக்கத்தில். வர மாட்டேன் என்று முதலில் எழுதியிருந்தேன். இப்போது வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அச்சில் போனதை வாயால்தான் திருத்த முடியும். அவருடைய கையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். உங்கள் பட்டையைப் பற்றிச் சொல்ல மாட்டேன். அது நம் மூன்று பேருக்குள் இருக்கட்டும். மறுநாள் அவரைப் பார்க்கப் போக வேண்டும். எந்த இடம் என்றுகூட எனக்குத் தெரியாது, நீங்கள் கூட வர வேண்டும்.

டிசம்பரில் அங்கே குளிரும். எனக்கு ஒரு கோட்டு வேண்டும். பட்டனைப் பக்கம் மாற்றி வையுங்கள், மறந்துவிடாதீர்கள். இடது பக்கம் பை வேண்டாம்.

பாப்பா

*

செப்டம்பர் 24

பாப்பாவுக்கு,

கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்து கடைத்தெருவுக்குப் போய்த் துணி எடுத்துவிட்டேன். சாம்பல் நிறம். கறுப்பு உனக்கு வேண்டாம். கம்பளி, உள்துணி, காலருக்குள் வைக்கிற கேன்வாஸ், ஒன்று விடாமல் தண்ணீரில் நனைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். பேத்தி கேட்டாள், "இதெல்லாம் கடையிலயே நனைச்சுதான் தர்றாங்க பாட்டி, எதுக்கு மறுபடியும்?" நாளைக்கும் ஒரு தரம் நனைப்பேன்.

செருப்புச் சத்தம் கேட்டது என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்துக்கு மேல் இரண்டு நாள் என்னால் படிக்க முடியவில்லை.

அவர் இருக்கிற இடம் எனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தரம் போய்த் தூரத்தில் நின்றுவிட்டு வருவேன். இந்தத் தரம் பக்கத்தில் போகலாம்.

உன் அளவு என்னிடம் இருப்பது பத்தொன்பது வயது அளவு. அது எதற்கும் ஆகாது. அங்கே யாராவது தையல்காரரிடம் போய் எடுத்து அனுப்பு. தோள், மார்பு, முழுக்கை, மணிக்கட்டு. முழுக்கை எடுக்கும்போது கையைப் பையில் வைக்காதே, மடக்காதே, மேஜைமேல் ஊன்றாதே. நேராகத் தொங்கவிடு. டேப் பிடிக்கிறவர் என்ன நினைப்பாரோ என்று பார்க்காதே.

ஆடினால் ஆடட்டும்.

ஊசியம்மா